வலி மறந்த கைகள்

தொழுநோய் கண்டவரின் விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்னும் நம்பிக்கை தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருப்பதற்கு நாலடியாரே சான்று. அந்நூலின் தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில், நண்டை விரும்பிப் பிடித்து அதன் கால்களை ஒடித்துத் தின்றவர்களுக்கு அப்பழவினை வந்து சேரும்போது, உள்ளங்கை மட்டும் எஞ்ச, விரல்கள் அழுகிப்போகும் தொழுநோய் உண்டாகும் என்று ஒரு வெண்பா கூறுகிறது. விரல்கள் குறைந்து உள்ளங்கை மட்டும் நிற்கும் கையை அந்தப் புலவர் கண்ணாரக் கண்டிருக்க வேண்டும். பார்த்தது பிழையில்லை, சொன்ன காரணந்தான் பிழை. ஆயினும் பார்வையை மறந்து காரணத்தையே பற்றிக்கொண்ட சமூகம், நோயாளியின் உருக்குலைவை அவர் செய்த பாவத்தின் முத்திரையாகப் படிக்கப் பழகியது. தோற்றத்தைக் குலைக்கும் நோயோடு வாழ்பவர் எவ்வாறு மனம் தளராமல் நிற்கிறார் என்னும் கேள்விக்கு விடை தேடுவோர், அவருடைய மனத்திலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் அவருடைய கையிலிருந்து தொடங்குவதே பயன் தரும்.

இந்நோயை உண்டாக்கும் 'மைக்கோபாக்டீரியம் லெப்ரே' என்னும் நுண்ணுயிரை 1873-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் கெரார்ட் ஆர்மவர் ஹான்சன் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். பெரும்பாலான நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திற்குள் பெருகிவிட, இது ஒருமுறை இரண்டாகப் பிரிவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்வதால், கிருமி உடலுக்குள் புகுந்து நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகளும், சிலரிடம் 20 ஆண்டுகள்வரையும் ஆகலாம். மனிதரில் பெரும்பாலோருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் பிறவியிலேயே அமைந்திருப்பதால், தொற்றக்கூடிய நோய்களுள் மிக அரிதாகத் தொற்றுவன என்ற வரிசையில்தான் இதை வைக்க வேண்டும். உடலில் வெப்பம் குறைவாக உள்ள இடங்களை இக்கிருமி நாடுகிறது. தோல், மூக்கின் உட்புறம், காதுமடல், கண்ணின் முற்பகுதி, தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் ஆகியவை அத்தகைய இடங்கள். மறைக்க முடியாத இடங்களாகப் பார்த்து நோய் குடிகொள்வது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

நரம்பு பழுதுபடும் முறைதான் இந்நோயின் உருக்குலைவை விளங்கவைக்கும் திறவுகோல். முழங்கையின் உட்புறத்தில் எதிலாவது இடித்துக்கொண்டால் சுரீரென்று விரல்நுனிவரை ஓடும் நரம்பு எல்லாருக்கும் தெரிந்ததே. அது கெட்டுவிட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நிமிர முடியாமல் மடங்கிக்கொள்கின்றன. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாகச் செல்லும் நரம்பு கெட்டால் பாதத்தைத் தூக்க இயலாமல் கால் தொங்கிவிடுகிறது. கணுக்காலின் உட்புற நரம்பு கெட்டால் உள்ளங்கால் மரத்துப்போகிறது. முகநரம்பு கெட்டால் இமை மூடாமல், உறக்கத்திலும் கண் பாதி திறந்தே கிடக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னறிவிப்பாக வருவது, நிறம் வெளுத்த அல்லது சிவந்த, தொட்டால் உணர்ச்சியில்லாத ஒரு தேமல். அது வலிப்பதும் இல்லை, அரிப்பதும் இல்லை. அதனால்தான் அதைப் பொருட்படுத்துவோரும் இல்லை.

விரல்கள் எவ்வாறு குறைகின்றன என்பதைத் தெளிவுபடுத்தியதில் பெரும்பங்கு பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவருடையது. மதப்பணியாளர்களின் மகனாகக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், மறு ஆண்டு ராபர்ட் காக்ரேன் என்னும் தொழுநோய் வல்லுநரின் அழைப்பின்பேரில் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டார். மடங்கிய கைகளை ஆராய எலும்பு மருத்துவர் எவரும் அதுவரை முன்வரவில்லை என்பதை அறிந்ததே அவருடைய வாழ்நாள் பணிக்குத் தொடக்கம். அவர் எழுதியவற்றுள் ஒரு துருப்பிடித்த பூட்டு வருகிறது. அதைத் திறக்க அவர் திணறிக்கொண்டிருந்தபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். ஆனால் தரையில் இரத்தம் சொட்டியது. சாவியின் விளிம்பு அவனுடைய விரலை எலும்பு தெரியும்வரை கிழித்திருந்தும் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. வேறு சில நோயாளிகளுக்கு இரவில் முழுமையாக இருந்த விரல் காலையில் குறைந்து காணப்பட்டதற்கு, உறங்கும்போது எலிகள் கடித்ததே காரணம் என்பதும் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகள் பூனையோடு அனுப்பப்பட்டனர்.

சதை தானாக அழுகுவதில்லை என்பதே இவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவு. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவதும், செருப்புக்குள் கிடக்கும் கல்லோடு நாள் முழுவதும் நடப்பதும், அவ்வாறு உண்டான புண்ணில் சீழ் பிடித்து எலும்பு அரிக்கப்படுவதுமே விரல்கள் தேய்ந்து குறையக் காரணங்கள். நண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வலி என்னும் காவலாளி வேலையை விட்டுப் போய்விட்டதுதான் நடந்தது. இந்த முடிவு மருத்துவத்திற்கு எவ்வளவு பயன்பட்டதோ அவ்வளவு நோயாளியின் மனத்திற்கும் பயன்பட்டது எனலாம். உடல் அழுகுகிறது என்று நம்பும் ஒருவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. காயத்தால் கெடுகிறது என்று அறிந்தவருக்கோ நாள்தோறும் செய்வதற்கு வேலை இருக்கிறது.

அந்த வேலைக்குத் தொழுநோய் மருத்துவத்தில் சுயபராமரிப்பு என்று பெயர். வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகளும் கெட்டுவிடுவதால் உள்ளங்காலும் உள்ளங்கையும் வறண்டு, கோடைக்கால ஏரியின் அடிமண் போல வெடித்துவிடுகின்றன. ஆகவே ஓர் அகலமான பேசினில், கொதிக்கவைக்காத சாதாரணத் தண்ணீரை நிரப்பி, கால்களை 20 நிமிடம் ஊறவைத்து, தடித்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயைத் தடவ வேண்டும். எண்ணெய் தோலுக்கு ஈரம் தருவதில்லை, ஊறிய ஈரத்தை வெளியேறாமல் காக்கிறது என்பதால் காய்ந்த காலில் தடவிப் பயனில்லை. பின்னர் விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். எங்கேனும் சிவந்தோ சூடாகவோ இருந்தால் மறுநாள் அந்தக் காலுக்கு ஓய்வு. இமை மூடாத கண்ணை, நினைவு வரும்போதெல்லாம் வலிந்து இறுக மூடிப் பழக்குவதும், இரவில் மெல்லிய துணியால் மறைப்பதும், அடுப்பில் துணி பிடித்தே பாத்திரத்தை இறக்குவதும் இதே பராமரிப்பைச் சேர்ந்தவை.

இந்த நடைமுறைகள் சலிப்பூட்டுபவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. வலிக்கும் புண்ணைக் கவனிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். வலிக்காத காலை ஆண்டுக்கணக்கில், ஒருநாளும் தவறாமல், அது தன்னுடைய கால்தான் என்னும் உரிமையோடு பார்த்துக்கொள்வதுதான் அரிது. மரத்துப்போன உறுப்பைத் தன்னுடையதாகவே உணராமல், ஏதோ ஒட்டவைத்த பொருள்போல நடத்தும் போக்கு நோயாளிகளிடம் உண்டு என்று பிராண்ட் கவனித்திருக்கிறார். உளத்திண்மை என்று நூல்கள் பெரிதாகப் பேசும் பண்பு, தொழுநோயைப் பொறுத்தமட்டில், பெரும்பாலும் இந்தப் பேசின் அருகே உட்காரும் 20 நிமிடத்தில்தான் இருக்கிறது. சிலர் சேர்ந்து ஒரே திண்ணையிலோ மரநிழலிலோ காலை ஊறவைக்கும் சுயபராமரிப்புக் குழுக்கள் பல நாடுகளில் ஏற்படுத்தப்பட்டதற்கும் இதுவே காரணம். அங்கே ஒருவர் காலை மற்றவர் பார்ப்பதற்குக் கூச்சம் இருப்பதில்லை. யாருக்குப் புதிதாகக் கொப்புளம் வந்திருக்கிறது என்ற பேச்சிலிருந்து, யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போனது என்ற பேச்சுவரை உரையாடல் தானாக நீளும்.

மடங்கிய விரல்களை நிமிர்த்த பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1948 முதல் வேலூரில் செய்த அறுவை, தசைநாண் மாற்றம் எனப்படும். தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிறு போன்ற பகுதியே தசைநாண். உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்த பிறகும் முன்கையின் வலிய தசைகள் நலமாகவே இருப்பதால், அவற்றுள் ஒன்றன் நாணைப் பிரித்து, கிளைகளாக்கி, ஒவ்வொரு விரலிலும் கொண்டுபோய்த் தைத்துவிடுவார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டில் இருந்து வெளிவரும் கை, பார்வைக்கு நிமிர்ந்திருந்தாலும் உடனே வேலை செய்யாது. வேறொரு வேலைக்காகப் பிறந்த தசையைக் கொண்டு விரலை அசைக்க மூளை புதிதாகக் கற்க வேண்டியிருப்பதால், பயிற்சியாளர் முன்னால் உட்கார்ந்து, ஒரு விரலை ஒருமுறை மடக்க நெற்றி வியர்க்கும் அளவுக்கு முயலும் நாள்கள் தொடர்கின்றன.

அறுவை வென்றதும் எதிர்பாராத வேறொரு சிக்கல் எழுந்தது. கை நிமிர்ந்தவர்களுள் சிலர் மருத்துவரிடம் திரும்பி வந்து, இந்தக் கை பிச்சையெடுக்க உதவாத கையாகிவிட்டது என்று முறையிட்டதாகப் பிராண்ட் பதிவு செய்திருக்கிறார். மடங்கிய கைக்குக் காசு விழுந்தது. நிமிர்ந்த கைக்கு அதுவும் இல்லை, வேலை கொடுப்பாரும் இல்லை, வாடகைக்கு வீடு கொடுப்பாரும் இல்லை. நம்பிக்கையோடு இரு என்னும் அறிவுரை எவ்வளவு மலிவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வேலூரில் தொடங்கப்பட்ட புதுவாழ்வு மையம் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்கும் இடமாக அமைந்தது, கைக்கு உருவம் கொடுத்தால் மட்டும் போதாது, தொழிலும் வேண்டும் என்று கண்டதன் விளைவே.

அதே வேலூரில், நோயாளிகள் அண்ணாந்து பார்க்காமல் நேருக்கு நேர் பார்க்கக்கூடிய மருத்துவர் ஒருவர் இருந்தார். கேரளத்தில் பிறந்த மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்ததோடு, முகத்திலும் ஆழமான தழும்பைப் பெற்றார். மகப்பேற்று மருத்துவராக விரும்பியிருந்த அவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யத்தக்க அறுவை கையறுவைதான் என்பதால் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கக் கற்றார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1960-களில் வேலூரில் அத்துறையை வளர்த்தெடுத்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் அவருடைய மனவலிமையை வியந்து நிறுத்திக்கொள்கின்றனர். ஆனால் அவருக்குக் கிடைத்த நாற்காலியும், அதன் உயரத்துக்கு ஏற்ற அறுவை மேசையும், வேலையைத் திருப்பிக் கொடுத்த நிறுவனமும் அந்த மனவலிமையின் பாதியேனும் ஆகும் என்பதைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

வேலூரில் கைகள் நிமிர்ந்துகொண்டிருந்த அதே 1954-இல்தான் 'ரத்தக்கண்ணீர்' திரைப்படம் வெளிவந்தது. தாயையும் மனைவியையும் இகழ்ந்து, தாசியின் பின்னே சென்று, செல்வத்தை இழந்து, இறுதியில் தொழுநோயாளியாகித் தெருவில் நிற்கும் மோகனசுந்தரமாக எம்.ஆர். ராதா நடித்த நடிப்பு, தமிழ்த் திரையுலகம் உள்ளவரை பேசப்படும். அந்தக் கரகரத்த குரலும் நடுங்கும் கையும் அவ்வளவு திறமையாக அமைந்துவிட்டதுதான் நோயாளிகளுக்குக் கேடாயிற்று. நாலடியாரில் நண்டைத் தின்றவனுக்கு வந்த நோய் திரையில் ஒழுக்கம் கெட்டவனுக்கு வந்தது. தண்டனை என்னும் பொருள் மட்டும் மாறவில்லை. உடலில் உள்ள ஒரு குறியைக் கொண்டு முழு மனிதரையே இழிந்தவராகக் கருதுவதைச் சமூகவியலார் வடுப்படுத்தல் என்கின்றனர். அதன் மிகக் கொடிய வடிவம் பிறர் ஒதுக்குவதன்று. ஒதுக்கப்பட வேண்டியவரே தாம் என்று நோயாளி உள்ளூர நம்பி, யாரும் சொல்லும் முன்பே தனித்தட்டில் உண்ணத் தொடங்குவதுதான்.

இந்த வடுப்படுத்தலில் மருந்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை, நோயின் அளவுக்கேற்ப 6 மாதத்திலோ 12 மாதத்திலோ கிருமியை ஒழித்துவிடுகிறது. முதல் தவணை மருந்து உள்ளே சென்ற சில நாள்களிலேயே நோயாளி பிறருக்குப் பரப்பும் நிலை நீங்கிவிடுகிறது. ஆனால் அம்மருந்துகளுள் ஒன்றான குளோபாசிமின் தோலைச் செந்நிறமாகவும் பின்னர் கருநிறமாகவும் மாற்றக்கூடியது. நோயைப் போக்க வந்த மாத்திரையே ஊருக்கு நோயைக் காட்டிக்கொடுக்கும் என்றஞ்சி அட்டையைப் பெட்டிக்கடியில் ஒளித்துவைப்பவர்களும், பாதியில் நிறுத்திவிடுபவர்களும் உண்டு. மருந்து முடிந்து சில மாதங்களில் நிறம் மெல்ல மெல்லத் திரும்பிவிடும் என்பதை முதல் நாளே சொல்லிவிடும் செவிலியர், மருந்துக்குச் சமமான சிகிச்சை செய்பவர். இதேபோல், மருந்து உண்ணும்போதோ முடித்த பிறகோ தேமல்கள் திடீரெனச் சிவந்து வீங்கி, நரம்புகள் வலிப்பதுண்டு. இது எதிர்வினை எனப்படும், மடிந்த கிருமிகளின் எச்சத்தோடு உடலின் எதிர்ப்பாற்றல் நடத்தும் சண்டை. குணமாகிவிட்டோம் என்று நம்பியவருக்கு இது வரும்போது மனம் உடைந்துவிடுகிறது. நோய் மீண்டுவிட்டதாக எண்ணி வீட்டுக்குள் முடங்காமல் உடனே மருத்துவரிடம் சென்றால், நரம்பு நிலையாகக் கெடுவதைத் தடுக்க முடியும்.

இந்நோயைத் தாமே தாங்கி, மறைக்காமல் வாழ்ந்து, எழுதியும் காட்டியவர் டி.என். ஜகதீசன். சிறுவயதிலேயே தொழுநோய்க்கு ஆளான இந்தத் தமிழர் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர், வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர், காந்தியடிகளோடு தொடர்புகொண்டிருந்தவர். விழுப்புரம் பகுதியில் மழவந்தாங்கலில் கஸ்தூரிபா பெயரில் அமைந்த தொழுநோய் நிவாரண நிலையத்தின் பணியில் ஈடுபட்டு, நாடளவில் தொழுநோய்ப் பணியாளர்களை ஒருங்கிணைப்பதிலும் பங்காற்றிய அவருக்கு 1957-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய ஆங்கிலத் தன்வரலாற்றின் தலைப்பு, தொழுநோயின் வழியே நிறைவு என்று பொருள்படும். நோயைக் கடந்து என்றோ, நோயை வென்று என்றோ அவர் வைக்கவில்லை. அந்தத் தலைப்பைப் பிற நோயாளிகளுக்கான கட்டளையாக மாற்றிவிடக் கூடாது. கல்வியும் மொழித்திறனும் பெரியோர் நட்பும் வாய்த்த ஒருவர் எட்டிய இடத்தை, கூலி வேலை போனதோடு எல்லாம் போனவரும் எட்ட வேண்டும் என்று கேட்பது மற்றொரு வகைக் கொடுமை. நடந்ததற்காக அழுவதற்கும் அவகாசம் வேண்டும். புருவம் உதிர்ந்த முகத்தை முதன்முறை கண்ணாடியில் பார்ப்பவரிடம் புன்னகையை எதிர்பார்ப்பவர்கள், பெரும்பாலும் தங்கள் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளவே எதிர்பார்க்கிறார்கள்.

சட்டம் மனத்தைவிட மெதுவாகவே நகர்ந்தது. வறிய தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம், நோய் முற்றிலும் குணமாகக்கூடியதாகி ஒரு தலைமுறை கடந்த பின், 2016-இல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருப்பதை மணமுறிவுக்குரிய காரணமாக ஏற்றுவந்த தனிநபர்ச் சட்டப் பிரிவுகள் 2019-இல் அகற்றப்பட்டன. 2005-ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் அளவை நாடு எட்டியபோது, தொழுநோய் பொதுச்சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதைப் பலரும் நோயே ஒழிந்துவிட்டதாகப் புரிந்துகொண்டனர். இன்றும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. உலகில் கண்டறியப்படுவோருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் இவர்களே.

வேலூரிலும் அதன் அருகே 1955-இல் நிறுவப்பட்ட கரிகிரி ஆராய்ச்சி நிலையத்திலும் உணர்ச்சியற்ற உள்ளங்காலுக்காக உருவாக்கப்பட்ட மெத்தென்ற ரப்பர் செருப்பின் கதை தனியே சொல்லத்தக்கது. நுண்ணறைகள் கொண்ட ரப்பரால் ஆனதால் அதற்கு எம்.சி.ஆர். செருப்பு என்று பெயர். ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும், குதிகாலுக்குப் பின்னே வார் வைத்தும் செய்யப்படுவது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, தமிழகத்து நோயாளிகளிடம் கற்ற பாதப் பராமரிப்பும் உடன் சென்றது; சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும் அதே முறைகள் பொருந்துவது அங்கே தெளிவாயிற்று. இன்று தமிழகத்தின் நகரங்களில், சர்க்கரை நோயாளிகளுக்கான எம்.சி.ஆர். செருப்பு கிடைக்கும் என்னும் பலகையைக் கடைவாசல்களில் காணலாம். வாங்குபவர், சர்க்கரை வந்து கால் மரத்துப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் உரக்கச் சொல்லி, அளவு பார்த்து, பேரம் பேசி வாங்கிச் செல்கிறார். தொழுநோயிலிருந்து குணமானவர் அதே செருப்பை அரசு மருத்துவமனையில் வாங்கி, பைக்குள் போட்டுக் கொண்டுவந்து, இரவில் கதவைத் தாழிட்ட பிறகு, கண்ணாடியில் தம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறார்.